நாளுக்கு ஒன்றரை மணி நேரமும் ஒரு மாய உலகமும்: வாசகர் கேள்வி பதில்

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்காக ஃபேன்டஸி நாவல் எழுதுகிறவர்களும், எழுத ஆரம்பித்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: முழுநேர வேலையில் இருக்கிறேன். இரவில் ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு நாவலை முடிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் கணக்கைப் போடுங்கள். ஆங்கிலத்தில் இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் 70,000 முதல் 1,00,000 சொற்கள் வரை போகும். அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘வீட்டிலிருந்துதான்’ என்பது நமக்கு ஒரே சொல். அதனால் அதே அளவுக் கதை தமிழில் கணிசமாகக் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். 60,000 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 400 சொல், வாரத்துக்கு 5 நாள் என்றால் 30 வாரம். காய்ச்சல், விருந்தாளிகள், அலுவலக நெருக்கடி எல்லாவற்றுக்கும் இடம்விட்டு 38 வாரம் என்று காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிரித்துக்கொள்வதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் 10 நிமிடம் நேற்று எழுதியதன் கடைசிப் பக்கத்தை மட்டும் படியுங்கள். அதற்கு முன்னால் போகாதீர்கள். போனால் திருத்த உட்கார்ந்துவிடுவீர்கள், நேரம் போய்விடும். அடுத்த 60 நிமிடம் எழுத்து. பிறகு 10 நிமிடம், இன்று புதிதாக முளைத்த பெயர், ஊர், தேதி ஆகியவற்றைக் கதை ஏட்டில் ஏற்றுங்கள். கடைசி 10 நிமிடத்தில் நாளைய காட்சிக்கு மூன்று வரி: யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், குறுக்கே எது நிற்கிறது. இந்த மூன்று வரி இல்லாத நாளில்தான் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் கழியும்.

பாதியில் நின்றுபோகும் நாவல்களில் பல இரண்டு பழக்கங்களால் நிற்கின்றன. ஒன்று, முதல் மூன்று அத்தியாயங்களை மெருகேற்றிக்கொண்டே இருப்பது. மற்றது, விட்டுப்போன 400 சொல்லை மறுநாள் தலையில் ஏற்றி 800 ஆக்குவது. கடன் நான்கு நாளில் 2,000 ஆனால் யாருக்கும் உட்கார மனம் வராது. தவறிய நாள் தவறியதுதான். அதற்காகத்தானே அந்த எட்டு வாரத்தை விட்டுவைத்தோம்? பதிப்பகத்துக்குப் பதில், அட்டைப்படம் பற்றிய பேச்சு, சமூக ஊடகம் ஆகியவற்றை அந்த ஒரு மணி நேரத்துக்குள் விடவே கூடாது. அவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் தனியாக வையுங்கள்.

கேள்வி: முதல் அத்தியாயத்தில் பௌர்ணமி. கதைப்படி ஐந்து நாள் கழித்து அமாவாசை என்று எழுதிவிட்டேன். படித்த நண்பர் கண்டுபிடித்துவிட்டார். இப்படிப்பட்ட பிழைகள் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: கதை ஏடு இல்லாமல் ஃபேன்டஸி எழுதக் கூடாது. நோட்டுப் புத்தகமோ கணினி அட்டவணையோ, எதுவானாலும் சரி, ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

நிலவிலிருந்தே தொடங்குவோம். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறத்தாழ 29½ நாள். நடுவில் அமாவாசை. பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் நிலவு உதிக்கும். பிறகு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். தேய்பிறையின் பாதி நிலவு நள்ளிரவை ஒட்டி எழும். மெல்லிய வளர்பிறைக் கீற்று சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் மேற்கில் தானும் மறைந்துவிடும். நள்ளிரவில் உச்சி வானில் பிறைக் கீற்றின் ஒளியில் வாள்சண்டை என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. உங்கள் உலகத்துக்கு இரண்டு நிலா என்றால் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் சுற்று என்று தீர்மானித்து, கதை நடக்கும் காலம் முழுவதற்கும் அட்டவணை போட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை.

அடுத்தது தூரம். சமதரையில் மூட்டையோடு நடப்பவர் நாளுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் போவார். மலைப்பாதையில் அதில் பாதி. குதிரை நடையாகப் போனால் நாளுக்கு 50 கிலோமீட்டர் வரை போகும். முழு வேகத்தில் சில கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. இரவெல்லாம் நாலுகால் பாய்ச்சலில் வந்தான் என்றால், குதிரையோடு பழகிய வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பாலைவனத்தைக் கடக்க வைக்கிறீர்களா? ஒரு குதிரைக்கு நாளுக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் கூடும். அதை யார் சுமப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலே ஒரு நல்ல காட்சி கிடைக்கும்.

ஆட்களுக்கான பக்கத்தில் பிறந்த நாள், தோற்றம், எந்தக் கையில் காயம், கையில் என்னென்ன பொருள் என்று எழுதுவது எல்லாருக்கும் தெரியும். பலர் விட்டுவிடும் பத்தி ஒன்று உண்டு: எந்த ரகசியம் யாருக்கு எந்த அத்தியாயத்தில் தெரியவந்தது. தொடர் நாவலின் இரண்டாம் பாகத்தில் மானத்தைக் காப்பாற்றுவது இந்தப் பத்திதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மேலும் இரண்டு வேலை. முதலாவது, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்ற அட்டவணை. லாயக்காரரின் மகள் இளவரசனை ‘நீங்கள்’ என்று அழைத்துக்கொண்டிருந்து, 12ஆம் அத்தியாயத்தில் ‘நீ’க்கு மாறுகிறாள் என்றால், அந்த ஒரு எழுத்து ஒரு பக்க வசனத்துக்குச் சமம். 14ஆம் அத்தியாயத்தில் கோபம் எதுவும் இல்லாமல் அவள் மறுபடி ‘நீங்கள்’ என்றால் எல்லாம் வீண். இரண்டாவது, புதிதாக உருவாக்கிய பெயரை ஐ, கு, இன் போட்டுச் சொல்லிப் பார்ப்பது. ‘கேரம்’ என்று ஒரு வீரனுக்குப் பெயர் வைத்தால், ஓரிடத்தில் ‘கேரத்தை’ என்றும் இன்னோரிடத்தில் ‘கேரமை’ என்றும் நீங்களே எழுதிவிடுவீர்கள். ‘ஸெக்த்’ போன்ற பெயர் உருபு சேர்ந்ததும் நாக்கில் சிக்கும். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று பெயர்களும் வேண்டாம். வேகமாகப் படிக்கிறவர் முதல் எழுத்தைத்தான் பார்க்கிறார்.

கேள்வி: ‘கடைசியில் மந்திரம் வந்து காப்பாற்றிவிட்டது’ என்று என் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஃபேன்டஸியில் மந்திரம் வராமல் இருக்குமா?

பதில்: மந்திரம் வந்தது குற்றமில்லை. அது வரும் என்று வாசகர் எதிர்பார்க்க வழியே இல்லாமல் வந்ததுதான் குற்றம். உச்சக்கட்டத்தில் பயன்படும் சக்தியை அதற்கு முன் குறைந்தது இரண்டு முறை காட்டுங்கள்: ஒரு முறை சிறிய விஷயத்தில் பலிக்க வேண்டும், ஒரு முறை கண்ணெதிரே பொய்த்துப்போக வேண்டும். ஏன் பொய்த்தது என்பதில்தான் விதி தெரியும். பயன்படுத்துகிறவர் எதை இழக்கிறார் என்பதையும் முதல் கால்பகுதிக்குள் சொல்லிவிடுங்கள். களைப்பு என்பது மலிவான விலை. ஒரு நாள் தூங்கினால் சரியாகிவிடும். ஒரு நினைவு, ஒரு புலன், ஒருவருடைய நம்பிக்கை என்று திரும்பாத எதையாவது வையுங்கள்.

கேள்வி: கதாநாயகிக்கு என்ன வயது வைப்பது?

பதில்: 15 முதல் 18 வரை. பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கவே விரும்புகிறார்கள். முடிவுகளை அவள்தான் எடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் குரு எடுக்கக் கூடாது. அதற்காக அம்மா அப்பாவைக் கொன்றே ஆக வேண்டும் என்று இல்லை. அவர்கள் தூரத்தில் இருக்கலாம், தவறான பக்கத்தில் நிற்கலாம், அவள் சொல்வதை நம்பாமல் இருக்கலாம். உயிரோடு இருந்துகொண்டு நம்பாத அம்மா, இறந்துபோன அம்மாவைவிடக் கதைக்கு அதிகம் உதவுவாள்.

கேள்வி: எடிட்டரிடமிருந்து ஒன்பது பக்கக் கடிதம் வந்திருக்கிறது. கூடவே பிரதி முழுக்க ஓரக் குறிப்புகள். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு இரண்டு நாள் பிரதியைத் தொடாதீர்கள். முதல் நாள் எல்லாக் குறிப்பும் அநியாயமாகத் தெரியும். மூன்றாம் நாள் பாதிக்கு மேல் நியாயமாகத் தெரியும்.

பிறகு குறிப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: கதையின் எலும்பைப் பற்றியவை, தனிக் காட்சிகளைப் பற்றியவை, வாக்கியங்களைப் பற்றியவை. வேலையும் அதே வரிசையில்தான் நடக்க வேண்டும். வாக்கியம் திருத்துவது சுலபம் என்று அதில் இறங்குகிறவர்கள், மூன்று வாரம் செதுக்கிய அத்தியாயத்தையே பின்னால் வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

எலும்பு வேலைக்குக் காட்சி அட்டைகள் நல்ல கருவி. ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அட்டை. இடம், ஆட்கள், காட்சி தொடங்கும்போது இருந்தது என்ன, முடியும்போது மாறியது என்ன. கடைசி வரிக்குப் பதில் எழுத முடியவில்லை என்றால் அந்தக் காட்சியைப் பக்கத்துக் காட்சியோடு சேர்க்க வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். இந்த வகை நாவல்களில் நடுப்பகுதிப் பயணத்தில்தான் இப்படிப்பட்ட அட்டைகள் குவியும்: முகாம், நெருப்பு, பழைய கதை பேசுதல், மறுபடி முகாம். எடிட்டர் சொன்ன தீர்வு பிடிக்கவில்லை என்றால் வேறு தீர்வு தேடலாம். ஆனால் அவர் இடறிய இடத்தில் மற்றவர்களும் இடறுவார்கள் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். மறுக்கும் குறிப்புக்கு இரண்டு வரியில் காரணம் எழுதி அனுப்புவது நல்லது.

இதற்குப் பிறகு வரும் கட்டங்கள் குறுகியவை. மொழித் திருத்தத்தில் ஒற்றும் சந்தியும் மட்டும் பார்க்காமல், உங்கள் பெயர்ப் பட்டியலையும் திருத்துநருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வேண்டுமென்றே வைத்த எழுத்துக்கூட்டலை அவர் ‘சரி’ செய்துவிடுவார். பக்கம் கட்டி வரும் புரூஃபில் எழுத்துப்பிழை மட்டும்தான். ஒரு பத்தியைக் கூட்டினால் பின்னால் வரும் பக்கங்களெல்லாம் நகரும். எழுத்தாளர் செய்யும் மாற்றங்களின் செலவு, பக்க அமைப்புச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் மிகுதியை எழுத்தாளர் கணக்கில் எழுதும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. புரூஃப் பார்க்க ஒன்று அல்லது இரண்டு வாரம்தான் தருவார்கள். அப்போது நீங்கள் அடுத்த நாவலின் நடுவில் இருப்பீர்கள். அந்த இரண்டு வாரம் புது எழுத்தை நிறுத்திவிடுங்கள், பழைய உலகத்தின் குரல் புதிய உலகத்துக்குள் நுழைந்துவிடும்.

கேள்வி: முன்பணம் தருவதாகச் சொல்கிறார்கள். ராயல்டி தனியாக வருமா? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ராயல்டி என்பது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் உங்களுக்கு வரும் பங்கு. முன்பணம் என்பது அந்த ராயல்டியிலிருந்து முன்கூட்டியே தருவது. புத்தக விலை 100, ராயல்டி 10 சதவீதம், முன்பணம் 20,000 என்றால், 2,000 பிரதி விற்கும் வரை வேறு பணம் வராது. 2,001ஆவது பிரதியிலிருந்து பிரதிக்கு 10. வழக்கமான ஒப்பந்தத்தில் முன்பணம் ஈடாகாவிட்டாலும் திருப்பித் தர வேண்டியதில்லை. பிரதியையே ஒப்படைக்காவிட்டால் நிலைமை வேறு.

ஒரு சொல்லை உற்றுப் பாருங்கள்: ராயல்டி அச்சிட்ட விலையில் கணக்கா, பதிப்பகத்துக்கு வந்துசேரும் தொகையில் கணக்கா? கடைகளுக்கு 50 சதவீதம் தள்ளுபடி போனால், இரண்டாவது கணக்கில் அதே 10 சதவீதம் பிரதிக்கு 5 தான். முன்பணமும் ஒரே தவணையில் வராது. கையெழுத்தின்போது, பிரதியை ஏற்றுக்கொண்டபோது, வெளியீட்டின்போது என்று மூன்றாகப் பிரிவது வழக்கம். பெரிய பதிப்பகங்களில் கையெழுத்துக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். அதை மாதச் சம்பளமாக நினைத்து வேலையை விட்டுவிடாதீர்கள். முகவர் வழியாகப் போனால் பொதுவாக 15 சதவீதம் அவருக்கு, வெளிநாட்டு உரிமைக்கு 20. கைக்கு வந்ததில் வரிக்கான பங்கை அன்றே தனியே எடுத்து வையுங்கள்.

புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்பதற்கு ஒரு எண் இருக்க வேண்டும்: 12 மாதத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே என்று. ‘அச்சில் இல்லாவிட்டால்’ என்று மட்டும் இருந்தால் மின்நூல் ஒன்று கடையில் இருக்கும் வரை உரிமை திரும்பாது. தொடர் எழுதுகிறவர்கள் அடுத்த புத்தகத்தின் மீது பதிப்பகத்துக்கு இருக்கும் முதல் உரிமையையும் பார்க்க வேண்டும். அது ‘அடுத்த படைப்பு’ என்று இருந்தால் நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் கட்டிப்போடும். ‘இதே உலகத்தில் நடக்கும் அடுத்த நாவல்’ என்று குறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மணிக்கட்டு வலிக்கிறது. கண்ணும் எரிகிறது.

பதில்: முழங்கை செங்கோணத்தில், திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். மடிக்கணினியில் இரண்டும் ஒன்றாக அமையாது. அதை உயர்த்தி வைத்துத் தனி விசைப்பலகை போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். விரல் மரத்துப்போனாலோ, இரவில் வலியில் விழித்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: பதினான்கு வயது வாசகி ஒருத்தி, என் நாவலின் தொடர்ச்சியைத் தானே எழுதி அனுப்பியிருக்கிறாள். என்ன பதில் எழுதுவது?

பதில்: கதையைப் படிக்காமல், அன்போடு பதில் எழுதுங்கள். உங்கள் அடுத்த பாகத்தில் தற்செயலாக ஒரே திருப்பம் வந்துவிட்டால், அவளிடமிருந்து எடுத்தீர்கள் என்ற பேச்சு வரும். நீங்கள் படிக்கவில்லை என்பதை எழுத்தில் சொல்லியிருப்பது இருவருக்கும் நல்லது. அவள் எழுதுகிறாள் என்பதற்காக மகிழ்ச்சியைச் சொல்லுங்கள், முடித்ததற்காகப் பாராட்டுங்கள். பதிலை அவளுடைய பெற்றோர் அல்லது ஆசிரியர் வழியாக அனுப்புங்கள். வயது குறைந்த வாசகர்களோடு தனிச்செய்தியில் உரையாடல் வைத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தின் நகலைத் தேதியோடு கோப்பில் வையுங்கள்.