கருங்குவளையின் பழைய பெயர்

அன்புள்ள ஐயா,

சேரன்மகாதேவிக்கு அருகே, கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பெருகும் எங்கள் குளத்தின் ஓரச் சேற்றில், பல ஆண்டுகளுக்குப் பின் கருங்குவளை நாலைந்து செடி பூத்திருக்கிறது. படம் இணைத்துள்ளேன். பழைய நூலில் இதன் பெயர் மோனோகோரியா வஜைனாலிஸ். இப்போதோ பொன்டெடேரியா வஜைனாலிஸ் என்கிறார்கள். குளத்தை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் பொன்டெடேரியாவாம். வந்தேறியையும் நம் பூவையும் ஒரே பேரினத்தில் வைப்பது முறையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புதிதென்று நீங்கள் நினைப்பதுதான் இச்செடியின் முதற்பெயர். டச்சுத் தாவரவியலாளர் நிக்கோலாஸ் பர்மன் 1768-இல் ‘ஃப்ளோரா இண்டிகா’ நூலில் இதைப் பொன்டெடேரியா வஜைனாலிஸ் என்றே பதிந்தார். பூங்கொத்தை இலைக்காம்பு உறைபோல் பொதிந்திருப்பதால், ‘உறை’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வஜைனாலிஸ் என்ற அடைமொழி வந்தது. ஆறு மகரந்தத்தாள்களில் ஒன்று மட்டும் பெரிதாகத் தனித்து நிற்பதைக் கொண்டு, 1827-இல் பிரெஸ்ல் மோனோகோரியா என்ற பேரினத்தை வகுத்து இதை அதில் சேர்த்தார். ஆகாயத்தாமரைக்கும் 1823-இல் மார்ட்டியஸ் இட்ட பெயர் பொன்டெடேரியா கிராசிபெஸ்தான். ஐக்கார்னியா என்ற அதன் மற்றொரு பேரினப் பெயர் பின்னால் வந்தது. மரபணுவையும் உருவ அமைப்பையும் சேர்த்து ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வொன்று இப்பேரினங்களை ஒன்றாக்கியபோது, பெயரிடல் விதிப்படி, 1753-இல் லின்னேயஸ் பதிந்த பொன்டெடேரியா என்ற மூத்த பேரினப் பெயரே நிலைத்தது.

பேரினம் என்பது வம்சாவளியைச் சொல்வது, பூர்வீகத்தைச் சொல்வதன்று. தென்னமெரிக்கச் செடி நம் செடிக்குப் பங்காளியாக இருப்பதனால் தாமிரபரணிக்கு உரியதாகிவிடாது.

எனக்கு உறுத்துவது தமிழ்ப் பெயர்தான். குறிஞ்சிப்பாட்டு ‘தண்கயக் குவளை’ என்கிறது. கயம் ஆழமான நீர்நிலை; உங்கள் செடியோ முழங்காலளவுத் தண்ணீரையும் சேற்றையும் விட்டு அகலாதது. சங்கக் குவளை அல்லியினத்து நீலப்பூவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்பது என் எண்ணம். ஆனாலும் கருங்குவளை என்ற வழக்கு இன்று இச்செடிக்கு நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை.

படத்தில் மகரந்தப்பைகள் தெளிவாக இல்லை. ஐந்து மஞ்சளாகவும், பெரியதொன்று நீலமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். வயலில் இதைக் களையென்றே பறித்துவிடுவார்கள். ஆகவே பிசான நெற்பருவக் களையெடுப்புத் தொடங்குமுன் பார்த்துவிடுவது நல்லது.