டாக்டர் படிப்புக்குக் கடன் வேண்டாம். பையன் சவுண்ட் பக்கம் போகட்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பையனை டாக்டர் படிப்புக்கு அனுப்புவதா, இசைப் பக்கம் விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் அவனுக்கு நல்ல தேர்ச்சி. ஆனால் ராத்திரியெல்லாம் லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை, அடுத்த மாதம் ஈப்போவில் முதல் மேடை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கிள்ளானில் இருக்கும் உங்கள் அண்ணன் பேச்சுதான் புரியவில்லை. தோட்டத்துப் பிள்ளை டாக்டரானால்தான் குடும்பத்துக்குப் பெருமையாம். தனியார் கல்லூரியில் அதற்குச் சில லட்சம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும். அவரா கட்டப்போகிறார்? 2016 டிசம்பரில் அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறை வந்ததிலிருந்து இளம் டாக்டர்களுக்கே நிரந்தர வேலை நிச்சயமில்லை. 2021 ஜூலையில் அவர்கள் ஹர்த்தால் என்று வேலையை நிறுத்தி வெளியே வந்ததை நாடே பார்த்தது. ரத்தத்தைக் கண்டால் பையனுக்கு மயக்கம் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகென்ன பேச்சு?

இசை மட்டும் சோறு போடுமா? பெரும்பாலோருக்குப் போடாது. ஆனால் அதே மேடைக்கு எதிரே மிக்சர் பலகையில் எல்லாச் சத்தத்தையும் கலந்து சரிசெய்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரைக் கவனியுங்கள். "மைக் செட் கட்டுற வேலையா?" என்பார் அண்ணன். அதேதான், ஆனால் அதில் நுணுக்கம் உண்டு. லேப்டாப்பைச் சார்ஜரோடு மாட்டினால் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரையும், நடுவில் டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியை வைத்து அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கும். காலி மண்டபத்தில் சரியாக இருந்த சத்தம் கூட்டம் நிறைந்ததும் மாறிப்போகும். தாளம் எண்ணும் கிளிக் டிரம்மர் காதுக்கு மட்டும் போகவேண்டும், சபைக்கு வந்தால் மானம் போச்சு. லேப்டாப் இசையும் மிக்சரும் இரண்டுமே தெரிந்த ஆளுக்குக் கல்யாணம், கோயில் திருவிழா, கம்பெனி டின்னர் எல்லாவற்றிலும் வேலை உண்டு. வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒலித்துறைப் படிப்பு எங்கே பார்த்தாலும், ஜே.பி.கே. (அரசின் திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழும், திறன் படிப்புக்கான பி.டி.பி.கே. கடனும் அதைப் பொறுத்தவை. இன்னொரு வழியைப் பலரும் கவனிப்பதில்லை: சவுண்ட் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்து, செய்ததையெல்லாம் கோப்பாகத் தொகுத்துக் காட்டி, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.டி. முறையில் அதே எஸ்.கே.எம். வாங்கலாம். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை.

ஓய்வுக்காலத்துக்கான உங்கள் இ.பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். டாக்டர் படிப்புக்கும் வேண்டாம், அவன் கேட்கும் விலையுயர்ந்த சிந்தசைசர் இசைக்கருவிக்கும் வேண்டாம். நல்ல ஹெட்போன், மைக்கையும் வாத்தியத்தையும் லேப்டாப்போடு இணைக்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், காதைக் காக்க ஒரு ஜோடி இயர்பிளக். இப்போதைக்கு இவை போதும்.

ஈப்போ கச்சேரியை நிறுத்தச் சொல்லாதீர்கள். சவுண்ட் செக் தொடங்குமுன்பே அவன் அங்கே இருக்கட்டும். அடுத்த நிகழ்ச்சிக்குக் கேபிள் இழுக்க ஆள் வேண்டுமா என்று சவுண்ட்காரரிடம் அவனே கேட்கட்டும். நீங்கள் கேட்கக் கூடாது.