உப்புக்கு உப்பு ருசி மாறுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வழக்கமாக வாங்கும் தூள் உப்பு கிடைக்காததால் வேறு நிறுவனத்தின் உப்பை வாங்கினேன். அதே ஒரு தேக்கரண்டிதான் போடுகிறேன். சமையலில் உப்பு குறைகிறது. இரண்டும் ஒரே உப்புதானே?

பதில்: உப்பு ஒன்றுதான், கரண்டிக்குள் அடங்கும் எடைதான் வேறு. பொடியான தூள் உப்பு தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 6 கிராம் நிற்கும். பருமணியாகவோ செதிலாகவோ இருந்தால் இடையில் காற்று புகுந்து, 3 கிராம் அளவுக்குக்கூட இறங்கிவிடும். புது பாக்கெட் பிரித்ததும் இரண்டு உப்பிலும் பத்துப் பத்து தேக்கரண்டி எடுத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். பழைய உப்பு 60 கிராமும் புதியது 50 கிராமும் இருந்தால், இனி ஒரு கரண்டிக்குப் பதில் ஒன்றேகால் கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் போட வேண்டும்.

கேள்வி: எடை சரியாக இருந்தாலும் நாக்கில் வைத்தால் ஒன்று சுருக்கென்று கரிக்கிறது, மற்றது மெதுவாகத்தான் ஏறுகிறது. இது மனப்பிரமையா?

பதில்: இல்லை, நாக்கு சரியாகத்தான் சொல்கிறது. கரைந்த உப்புதான் ருசிக்கும். பொடி சட்டென்று கரைந்து முதல் நொடியிலேயே கரிக்கும். கெட்டியான மணி கரைய நேரம் பிடிக்கும். அதனால் வெட்டிய பழத்தின் மேல் தூவும்போது வித்தியாசம் தெரியும். கொதிக்கும் நீரில் கரைந்துவிட்டால் போய்விடும்.

கரைந்த பிறகும் தெரிகிறதா என்று சோதிக்க நல்ல வழி மூன்று கோப்பைச் சோதனை. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 5 கிராம் வீதம் இரண்டு உப்பையும் தனித்தனியாகக் கரையுங்கள். கரண்டியால் அளந்தால் சோதனையே வீண்; தராசு வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கட்டும். நீங்கள் பார்க்காதபோது இன்னொருவர் இரண்டு கோப்பையில் ஓர் உப்பும் மூன்றாவதில் மற்றதும் ஊற்றி, இடம் மாற்றி வைக்கட்டும். கண்ணை மூடிச் சுவைத்துத் துப்பிவிட்டு, வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அடுத்ததற்குப் போங்கள். தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஒரு தடவை போதாது. ஆறு சுற்றில் குறைந்தது ஐந்து சுற்று சரியாக வந்தால் நம்பலாம். வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூட இல்லை. சுத்திகரித்த தூள் உப்புகளில் பெரும்பாலும் வித்தியாசம் பிடிபடாது. சுத்திகரிக்காத கடலுப்பில் மக்னீசியம் குளோரைடு தங்கியிருந்தால் லேசான கசப்பு அடிநாக்கில் நிற்கும். காற்றின் ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் நீர்த்துப்போவதும் பெரும்பாலும் அந்த வகைதான்.

கேள்வி: அயோடின் சேர்த்த உப்பில் மருந்து வாடை வருமா? கரைசல் கலங்குவதும் அதனால்தானா?

பதில்: ஒரு கிலோவில் 30 மில்லிகிராம் அயோடின் என்றால் 5 கிராம் உப்பில் 0.15 மில்லிகிராம். நாக்குக்கு அது எட்டாது. கலங்கலுக்குக் காரணம், கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் மக்னீசியம் கார்பனேட், சிலிகேட் போன்ற பொடிகள். அவை கரையாமல் மிதந்து பிறகு அடியில் படியும், கெடுதல் இல்லை. தெளிந்த உப்புநீர் வேண்டுமென்றால் பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலைப் பார்த்து, அவை இல்லாத உப்பை வாங்குங்கள்.

கேள்வி: சோடியம் குறைந்த உப்பு கசக்கிறதே, கலப்படமா?

பதில்: கலப்படமில்லை. சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். கசப்பும் உலோகச் சுவையும் அதிலிருந்து வருபவை. பங்கு கூடக்கூடக் கசப்பும் கூடும். புளிப்புள்ள பதார்த்தத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ருசியைவிட முக்கியமான ஒன்று: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடவே கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.