கண்மாயில் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கிறது. மோட்டார் படகு ஓட்டலாமா?

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய், கோடை விடுமுறை, ஃபைபர் படகு, ஊருக்கு வரும் பிள்ளைகள். கேட்டவர் சொன்ன நிலவரம் இவ்வளவுதான். என் பதில்: படகு சரி, மோட்டார் வேண்டாம்.

வெளியே மாட்டும் மோட்டாரின் விசிறி தண்ணீருக்குள் ஒன்றரை, இரண்டு அடி இறங்கிச் சுற்றும். நம் கண்மாய்களில் அடியில் வண்டல், அதற்குள் வெட்டியும் வெட்டாமலும் விட்ட சீமைக் கருவேல அடிக்கட்டைகள். விசிறி ஒன்றில் மோதினாலே இறக்கை உடையும். அதைவிட மோசம், எஞ்சினைக் குளிர்விக்க மோட்டார் உறிஞ்சுவது அதே தண்ணீரைத்தான். சேறு போய் அடைத்தால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும்.

துடுப்போ மூங்கில் கழியோ போதும். கழி ஆழத்தையும் சொல்லிவிடும். மடைப் பக்கம் பொதுவாக ஆழம் கூடுதல். வண்டல் அள்ளிய குழிகள்தான் ஆபத்து: இடுப்பளவு என்று நம்பிக் கால் வைத்தால் ஆளையே முக்கிவிடும். அதனால் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், நீச்சல் தெரிந்த மாமாவுக்கும்தான்.

தரை தட்டினால் இறங்கித் தள்ளாதீர்கள், சேற்றில் கால் புதையும். தட்டிய முனையில் இருப்பவர்கள் மெதுவாக மறுமுனைக்கு நகர்ந்தால் படகு கொஞ்சம் தூக்கும். அப்போது கழியை ஊன்றி, வந்த வழியே பின்னால் தள்ளுங்கள்.

அப்புறம், மீன் குத்தகைக்காரரிடம் வலை எங்கே கிடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சியிலும் ஒரு வார்த்தை.