பாடி, பாக்கம், வாராவதி

அன்புள்ள ஐயா,

சென்னை வரைபடத்தை செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பாடி, குரோம்பேட்டை, 'பார்பர்ஸ் பிரிட்ஜ்'... கோடம்பாக்கம் என்பது 'கோடா பாக்', நவாபின் குதிரைத் தோட்டம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

க., பெரம்பூர்

அன்புள்ள க.,

உங்கள் பட்டியலில் உண்மையிலேயே வேடிக்கையானது பார்பர்ஸ் பிரிட்ஜ்தான். பக்கிங்காம் கால்வாய் மேலுள்ள அந்தப் பாலத்துக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் ஹாமில்டன். நம் வாயில் 'ஹ' தங்காது. அமில்டன், அம்பட்டன் ஆனது. அந்தக் கால மெட்ராஸில் பாலத்துக்கு வாராவதி என்று பெயர். ஆகவே அம்பட்டன் வாராவதி. அதைப் பொருள் பார்த்து யாரோ ஆங்கிலமாக்க, பார்பர்ஸ் பிரிட்ஜ்! முடிதிருத்துகிறவர் யாரும் இந்தக் கதையில் இல்லவே இல்லை. இப்போது அம்பேத்கர் பாலம்.

எனவே ஒரு பெயரைப் பார்த்துச் சிரிக்கும்முன், அது முதலில் எந்த மொழியில் இருந்தது என்று பாருங்கள். பிறகு வாலைத் தனியே கழற்றுங்கள். கோடம்பாக்கத்தின் வால் பாக்கம், ஊர் என்று பொருள். மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம், நந்தம்பாக்கம், ஊரப்பாக்கம் எல்லாவற்றிலும் அதே வால்; மேடவாக்கத்தில் 'வாக்கம்' என்று கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. இத்தனை ஊரிலும் நவாப் தோட்டம் போட்டிருக்க முடியாது. சேப்பாக்கத்துக்கும் 'சே பாக்', ஆறு தோட்டம் என்று இதே பாணியில் ஒரு கதை உண்டு. கேட்க அழகாக இருக்கிறது என்பதே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது.

பாடியை உடம்பு என்று படித்திருப்பீர்கள். ஆயர்பாடியில் வரும் பாடிதான், குடியிருப்பு என்று பொருள். அங்குள்ள திருவலிதாயம் சம்பந்தர் பாடிய தலம்.

குரோம்பேட்டையில் மட்டும் மேலோட்டமான விளக்கமே சரி. குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோமிய உப்பில் ஓரிரு நாளில் பதமாகிவிடும். வெளிறிய நீலமாக வெளியே வரும்.

வரைபடத்தின் ஆங்கில எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அதில் லகர ளகரமும் குறில் நெடிலும் கலந்துபோகும். 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது. வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி அதில் எழுதியிருந்தார்கள். கேலி தாங்காமல் சில நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பேருந்தின் தமிழ்ப் பலகையைப் பாருங்கள், அதற்கும் மேல் வில்லங்கச் சான்றில் கிராமம் என்ற இடத்தைப் பாருங்கள். தி.நகர் வீட்டுப் பத்திரங்கள் சிலவற்றில் மாம்பலம் கிராமம் என்றிருக்கும். நகர் என்று முடிகிற பேட்டைகளுக்கு அடியில் பெரும்பாலும் இப்படி ஒரு பழைய ஊர் படுத்திருக்கும்.