காலை 6 மணி கிரிக்கெட் பயிற்சிக்குப் போகும் 11 வயதுப் பையனுக்கு என்ன கொடுக்கலாம்? புரோட்டீன் பவுடர் தேவையா?

பவுடர் வேண்டாம். மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நம் வீடுகளில் பெற்றோரின் கவலையெல்லாம் புரோட்டீனில்தான். பையன் பாதிப் பயிற்சியிலேயே துவண்டுபோவதற்கோ பெரும்பாலும் மாவுச்சத்தும் தண்ணீரும் போதாததுதான் காரணம்.

35 கிலோ எடையுள்ள, தினமும் விளையாடும் பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 45 கிராம் புரதம் போதும். அரை லிட்டர் பாலில் 16, இரண்டு முட்டையில் 12, இரண்டு கிண்ணம் கெட்டிப் பருப்பில் ஏறக்குறைய 14 கிராம் வந்துவிடும். மிச்சத்தை இட்லியும் சாதமும் பார்த்துக்கொள்ளும். முட்டை சேர்க்காத வீடென்றால் 70 கிராம் பனீர்.

ஆறு மணிக்கு சிவாஜி பார்க்கில் நிற்க வேண்டுமா? ஐந்தரைக்கு ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு பேரீச்சம்பழம். அவ்வளவே. 'தெம்பு வேணும்' என்று பெரிய டம்ளர் பாலும் நெய்ப் பொங்கலும் ஊட்டி அனுப்புவதுதான் வழக்கமான தப்பு. கொழுப்பு வயிற்றைவிட்டு இறங்க நேரமாகும், ஓடும்போது குமட்டும். மேட்ச் நாளில் பொங்கல்தான் வேண்டுமென்றால் மூன்று மணி நேரம் முன்னால், நெய்யைக் குறைத்து.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி தண்ணீர். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு அதுவே போதும். மே மாதப் புழுக்கத்தில் நாள் முழுக்க மேட்ச் என்றால் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ். காஃபீன் கலந்த எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நாலு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால். மைதான வாசல் வடா பாவ் எப்போதாவது பரவாயில்லை. தினசரி டிபனாக்கினால் வயிறு நிறையும், புரதம் சேராது.