தாத்தாவின் நினைவஞ்சலிக்கு இரண்டு வரி

கேள்வி: தாத்தாவின் முதலாமாண்டு நினைவஞ்சலிக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொல்கிறார்கள். "குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர், இயற்கையை நேசித்தவர்" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. என்ன எழுதலாம்?

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளில் தமிழ் ஓரளவு எழுத வருவது உங்களுக்குத்தான், அதனால் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. 2019இல் மலேசியாவின் பினாங்கில் என் தாத்தா இறந்தபோது நானும் இதே இடத்தில்தான் நின்றேன். நீங்கள் எழுதி வைத்திருக்கும் அதே வரியைத்தான் முதலில் எழுதினேன். அப்புறம் அழித்தேன். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் பெயரை மாற்றினால் எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும்.

என் தாத்தா துறைமுகத் தொழிலாளி. டத்தோ கிராமாட்டில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிப் போனால் தாவரவியல் பூங்கா. அதன் வாசலுக்குப் பக்கத்திலிருந்து கொடிமலைக்கு, அதாவது பினாங்கு மலைக்கு, ஒரு ஜீப் பாதை ஏறும். ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான், ஆனால் சில இடங்களில் நெற்றி முட்டுகிற மாதிரி செங்குத்து. முதல் தடவை என்னைக் கூட்டிப் போனபோது எனக்கு 8 வயது.

கால் மணி நேரத்தில் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் தூக்கிக்கொள்ளவில்லை. "நேரா ஏறாதம்மா, குறுக்கே குறுக்கே நட. மாடு மேடு ஏறுறதப் பாத்ததில்லையா?" என்றார். சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, அங்கிருந்து மறுபடி இந்த ஓரத்துக்கு என்று வளைந்து வளைந்து ஏறினோம். அவர் எப்போதும் பின்னால்தான் வருவார். ரொம்பச் செங்குத்தான இடத்தில் என் நடுமுதுகில் உள்ளங்கையை வைப்பார். தள்ளமாட்டார், சும்மா வைத்திருப்பார். காய்ப்புக் காய்ச்சிய கை, சட்டைக்கு மேலேயே சொரசொரப்பு தெரியும். இப்போதும் மூச்சு வாங்க எங்கேயாவது படியேறினால் முதுகில் அந்த இடம் எனக்குத் தெரிகிறது.

பாதி வழியில் "84" என்று ஒரு இடம். மலையேறும் சீனப் பெரியவர்கள் அங்கே கொட்டகையில் வருகிறவர்களுக்கெல்லாம் சுடச்சுடத் தேநீர் கொடுப்பார்கள், காசு வாங்கமாட்டார்கள். தாத்தா அவர்களோடு ஹொக்கியன் என்ற சீன மொழியில் சிரித்துச் சிரித்துப் பேசுவார். ஒவ்வொரு வாரமும் கீழேயிருந்து பெரிய பாட்டிலில் தண்ணீர் சுமந்து போய் அந்தக் கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் தன் கோப்பையை எடுப்பார். இறங்கும்போது மலை ரயில். அந்தக் காலத்தில் நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அந்த அவசரத்திலும் என் கையை விடமாட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "வாரம் ஒரு நாள் லீவு, அன்றைக்கும் வீட்டில் இல்லாதவர் எப்படிக் குடும்பத்துக்காக வாழ்ந்தவர்?" என்று யாராவது கேட்கலாம். எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். 16ஆம் நாள் காரியத்தன்று என் சித்தப்பாவே, "அப்பா எங்களோட இருந்ததவிட மலையோட இருந்ததுதான் அதிகம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதுவரை சுவரோரமாகச் சாய்ந்திருந்த பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

1969இல் பினாங்கு, சுங்கவரி இல்லாத சுதந்திரத் துறைமுகம் என்ற அந்தஸ்தை இழந்தது. துறைமுகத்தையும் வியாபாரத்தையும் நம்பியிருந்தவர்கள் ரொம்பவே அடிபட்டார்கள். தாத்தாவுக்கும் வேலை இல்லாத நாட்கள் வந்தன. "புள்ளைங்க முன்னாடி சும்மா உக்காந்திருக்க அவருக்கு மனசு வரல. வேலைக்குப் போற மாதிரியே சட்டை போட்டுக்கிட்டு, சோத்துப் பொட்டலத்த வாங்கிக்கிட்டுப் போவாரு. மலைக்குத்தான் போறாருன்னு எனக்கு மட்டும் தெரியும்" என்றார் பாட்டி. வரும்போது சில நாள் பெத்தாய்க் கொத்தோடு வருவாராம், அது மரத்தில் காய்க்கும் ஒரு வகை அவரை. அன்றைக்கு நெத்திலி போட்டுச் சம்பல். காட்டில் போய்ப் பறிக்கலாமா என்று இன்றைக்குச் சட்டம் பேசுகிறவர்கள், வீட்டில் நாலு பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் காத்திருந்ததையும் சேர்த்து நினைக்க வேண்டும். சித்தப்பா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. வாசலில் போய் ரொம்ப நேரம் நின்றார்.

சரி, நான் எழுதிய வரிக்கு வருகிறேன். பூங்காவில் நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. வீட்டுக்குத் திரும்பும் முன் தாத்தா, கீழே விழுந்து கிடக்கும் பூக்களில் வாடாத ஒன்றைப் பொறுக்கிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பாட்டி அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. 2017 நவம்பர் பெருமழையில் மண்சரிந்து மலைப்பாதைகள் மூடப்பட்டபோது அவருக்கு 79 வயது. மழை ஓய்ந்து வழி கிடைத்ததும் பூங்கா வரைக்குமாவது போய் அந்தப் பூவை எடுத்து வந்தார். "ஞாயிறுதோறும் மலையிறங்கி, பாட்டிக்கு நாகலிங்கப் பூ கொண்டு வந்தவர்." அவ்வளவுதான் எழுதினேன்.

அச்சடிக்கக் கொடுத்த கடைக்காரர் இடம் போதவில்லை என்று அதை எடுத்துவிட்டு, "குடும்பத்தின் குலவிளக்கே" என்று ஆயத்த வரி ஒன்றைப் போட்டுவிட்டார். அது போதாதென்று தாத்தாவின் படத்துக்குக் கோட்டும் டையும் மாட்டி, பின்னால் எந்த நாட்டு மலையோ தெரியவில்லை, பனிமலை ஒன்றை வைத்திருந்தார். வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கோட்டுப் போடாத மனிதர்! ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வேட்டி சட்டையில், கைலியில் இருந்தவரை அப்படியே காட்டினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான்மா விரும்புறாங்க" என்றார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன், இன்றுவரை ஆறவில்லை. அதனால், அச்சுக்குப் போகும் முன் மாதிரியை வாங்கிக் கண்ணால் பாருங்கள்.

2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக, அதாவது இயற்கையைப் பாதுகாக்க வேண்டிய பகுதியாக, அறிவித்தது. அந்தச் செய்தியைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். "அவருக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு" என்றவர், "பூ எதுவும் கெடந்துச்சா, போனியா?" என்று கேட்டார். நான் அந்த வாரம் போகவில்லை. மறுவாரம் போனேன்.

உங்கள் பாட்டி இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள். தாத்தா வெளியே போய்விட்டு வரும்போது கையில் என்ன இருந்தது என்று மட்டும் கேளுங்கள். எழுதியதும் இங்கே போடுங்கள், நான் படிக்கிறேன்.